தெரு அடங்கும் சத்தம்

பணம் கட்டியதும் திரையில் 'நன்றி' என்று வந்தது. அந்த நன்றி ஒன்றுதான் வேகமாக வந்தது. அதற்குப் பிறகு, அமலி வாங்கிய காது, காற்றில்லாத நாளில் பாய் விரித்த வள்ளம் போல, வருகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் அவள் ஊரான மேலத்தேரியை நோக்கி அசைந்துகொண்டிருந்தது.

காது என்றால் வெளியே தெரிகிற மடல் அல்ல. அது அவளுக்கு ஏற்கெனவே அழகாகத்தான் இருந்தது. முகாம் போட்ட ஆஸ்பத்திரியில் அதற்குப் பின்னால் கீறி, புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். கருவி இலவசம். அதற்குக் கேட்கச் சொல்லித் தருகிற கோப்பு ஒன்றைத்தான் ஆன்லைனில் வாங்கவேண்டும். ஆளுக்கு ஆள் நரம்பு வேறு என்பதால் கோப்பும் வேறு. ஒரு துண்டு வரும், நரம்பில் உட்கார்ந்து பார்க்கும், சரி என்று பதில் போகும், பிறகுதான் அடுத்த துண்டு கிளம்பும்.

டாக்டர் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதட்டை அவள் படிக்கும்படி நிதானமாகச் சொல்லியிருந்தார்.

"மாடிப்படி மாதிரி நினைச்சுக்கோங்க. தடிச்ச சத்தமெல்லாம் கீழ்ப்படி. அது முதல்ல வரும். மெலிசு மேல. அது கடைசி. தையல் போட்ட புண் ஆறுற வரைக்கும், ஒரு ரெண்டு வாரம், நரம்பு கதவைத் திறந்து வச்சிருக்கும். அப்புறம் சாத்திடும்."

"அதுக்குள்ள வராதது?"

"அப்புறம் வந்தும் பிரயோசனமில்லை."

"என் மக குரல் எத்தனாவது படியில இருக்கு?"

டாக்டர், சுழல்நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த ஜெசியைப் பார்த்தார். "பாப்பா ரொம்ப மேல இருக்கா" என்றார்.

அமலிக்குக் காது போனது கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு காய்ச்சலில். புருஷன் கில்பர்ட்டின் குரலையும் அவள் கேட்டதில்லை, எட்டு வயது ஜெசியின் குரலையும் கேட்டதில்லை. புருஷன் குரல் இல்லாமல் காலம் தள்ளிவிடலாம் என்பது அவள் அபிப்பிராயம். பிள்ளை குரல் அப்படியல்ல.

அதனால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியை உலையில் போட்டுவிட்டு ஓடிவந்து திரையைப் பார்ப்பாள். துணியைப் பிழிந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பாள். பச்சைக்கோடு போட்டது போட்டபடி கிடக்கும். திரையைத் தட்டிப் பார்ப்பாள், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பாள், திரும்பவும் வந்து நிற்பாள்.

"தூத்துக்குடியில என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவமா? அங்க லைன் பறக்குமே" என்றாள் ஒருநாள்.

கில்பர்ட் கடைக்காரனின் விதிமுறையைத் திரையில் காட்டினான். எந்த லைனில் ஆரம்பித்ததோ அந்த லைனில்தான் முடியவேண்டும். மாறினால் முதல் படியிலிருந்து.

கடல் ஏறி வந்தபோது கரையூர்களை எழுப்பி, உள்ளே செம்மணல் தேரியில் கொண்டுவந்து வைத்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. மேட்டில் இருப்பது மேலத்தேரி, சரிவில் இருப்பது கீழத்தேரி. கடலில் இருந்த காலத்தில் இரண்டு ஊருக்கும் வலை வெட்டிய தகராறு உண்டு. இப்போது ஆண்கள் எல்லோரும் ஒரே சோலார் வயலில் பலகைக்கு மணல் துடைக்கிறார்கள், ஒரே கோயிலில் பூசை காண்கிறார்கள். ஆனாலும் தனித்தனி வரிசையில்தான் உட்காருவார்கள். இரண்டு ஊருக்கும் லைன் ஒரே கோபுரத்திலிருந்து வருகிறது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது மனிதரல்ல, ஒரு கருவி. கம்பெனி அதற்குச் 'சமன்' என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் வைத்த பெயர் 'பங்காளி'.

முதல் வார நடுவில், அமலி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, தலைக்குள் யாரோ காலி அண்டாவை உருட்டினார்கள். திடுக்கிட்டுத் திரும்பினாள். கில்பர்ட் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க பேசினீங்களா?"

"கொட்டாவி விட்டேன்."

"இன்னொரு தரம் விடுங்க."

வலிய விட்டால் வருமா. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அவள் பெயரைச் சொன்னான். அமலி கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் அவனுக்கு ஒரு குரலை அவளாகவே செய்து வைத்திருந்தாள், கொஞ்சம் மெலிதாக, படித்த ஆள் பேசுவதுபோல. இப்போது வந்ததோ பழைய டீசல் மோட்டார்.

"இதுதானா?" என்றாள்.

"பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கிடுவானான்னு கடைக்காரன்ட்ட கேளு."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு கேட்டது, அவள் சிரிப்பு அவளுக்கே கேட்கவில்லை. ஜெசி ஓடிவந்து அவள் காதோடு வாயை வைத்து, கன்னம் உப்பக் கத்தினாள். வெதுவெதுப்பான மூச்சு மட்டும் வந்தது.

"நான் வந்துட்டேனாம்மா?" பிள்ளையின் உதடு கேட்டது.

"இன்னும் வரலட்டி. பின்னால வந்துக்கிட்டிருக்க."

ஜெசி முகத்தைச் சுழித்துக்கொண்டு வாசலுக்குப் போய், உதட்டைக் குவித்தாள். வாசலில் படுத்திருந்த மாலுமி என்ற நாய் தலையைத் தூக்கிக் காதை விடைத்தது. விசில் அடிக்கிறாள் என்று அமலி தெரிந்துகொள்வது இப்படித்தான். யாராவது வந்தால், பால் வண்டி நின்றால், எல்லாவற்றையும் அந்த நாயின் தலையைப் பார்த்தே தெரிந்துகொள்வது அவள் பழக்கம். எதிர்வீட்டுப் புஷ்பம் மைனி ஜன்னலிலிருந்து வழக்கம்போல வாயசைத்தாள்: "பொம்பளப்பிள்ளை விசில் அடிக்காதட்டி."

கோடு நகராத சேதி மெல்லத் தெருவுக்குத் தெரிந்தது. அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. கெட்ட எண்ணத்தில் அல்ல. கரையில் இருந்தபோது அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போன ஒரு வள்ளம் திரும்பாவிட்டால், அது வரும்வரை வேறு எந்த வள்ளமும் தொழிலுக்கு இறங்காது. பசித்தாலும் சரி, மீன் துள்ளினாலும் சரி. அந்த வழக்கத்துக்கு இங்கே கடல் இல்லை. அதனால் கையிலிருந்ததை வைத்து நடத்தினார்கள்.

தெருவுக்குப் பெரிய மனிதராக இருந்தவர் தொம்மை அண்ணன். வீடு வீடாகப் போனார். "நம்ம பிள்ள காது இன்னும் கரைக்கு வரல. எல்லாரும் லைனை அடைச்சிருங்க. அது மட்டும் தாராளமா வரட்டும்."

ஒருவர் மறுக்கவில்லை. அமலி வாசலில் நின்று பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாகத் திரைகள் இருண்டன. பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு மணலில் இறங்கினார்கள். மஸ்கட்டிலிருந்து தினம் முகம் காட்டும் மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் மைனி வந்தாள். "அவன் மூஞ்சி எங்க போவுது. நீ மொதல்ல கேளு" என்றாள். 

ஆனால் கோடு முன்னைவிட மெதுவாயிற்று.

இதை யாரிடம் சொல்வது? குழாயடிக்குப் போனால், "வந்துட்டா?" என்று எல்லா உதடும் கேட்டது. "வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடம் நிரம்பும் முன்னால் திரும்பினாள். எங்கேயும் நிற்க முடியாமல், தெருமுனை வரை போவதும் வருவதுமாக இருந்தாள். வாரம் ஒன்று கழிந்துவிட்டது. தழும்பு நமைச்சல் எடுக்க ஆரம்பித்தது. நமைச்சல் எடுத்தால் புண் ஆறுகிறது என்று அர்த்தம். இந்தப் புண் ஆறக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

கில்பர்ட் நச்சரித்து நச்சரித்து, கம்பெனியிலிருந்து மதிவதனி என்று ஒரு பெண் வந்தாள். தெருமுனையில் இருந்த லைன் பெட்டியைத் திறந்து பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இந்தத் தெருவில யாரும் குடியில்லையா?"

"ஏன், எங்களைப் பார்த்தா எப்படி இருக்கு?" என்றான் கில்பர்ட்.

"பெட்டி அப்படித்தான் சொல்லுது. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சிருக்கு."

அமலி விஷயத்தைச் சொன்னாள். மதிவதனி கையிலிருந்த கருவியை இறக்கினாள்.

"அக்கா, இது குழாய்த் தண்ணி இல்ல, ஒருத்தர் அடைச்சா அடுத்தவருக்கு வர்றதுக்கு. இது பந்தியில பரிமாறுற ஆள் மாதிரி. இலையை மூடினா, போதும்போலன்னு நகர்ந்துடும். இன்னும் இன்னும்னு கேக்கிற இலைக்குத்தான் வைக்கும். நீங்க தெருவோட இலையை மூடிட்டீங்க."

"என் இலை திறந்துதானே இருக்கு."

"ஒத்த இலைக்காக யாரு வாளியைத் தூக்கிட்டு வருவா?"

அமலி அந்தப் பெட்டியையே பார்த்தாள். அதற்குள் ஒரு சின்ன வெளிச்சம், பாவம் போல மின்னிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன செய்ய?"

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எல்லாரையும் எல்லாத்தையும் போடச் சொல்லுங்க. பாக்காங்களோ பாக்கலையோ, ஓடட்டும்."

"எங்களுக்கு இல்லாதது அப்ப எங்கேருந்து வரும்?"

மதிவதனி பெட்டியைப் பூட்டுவதற்காகத் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். முதுகுக்கு உதடு கிடையாது. அமலி புருஷனைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணுமில்ல" என்றது டீசல் மோட்டார். "எங்கேயாவது இருந்து வருமாம்."

தொம்மை அண்ணனுக்கு இந்தக் கணக்கு பிடிபடவே நேரமாயிற்று. "விட்டுக் குடுக்கவனுக்கு இல்ல, பிடுங்கவனுக்குத்தானா? நல்ல பங்காளி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வீடு வீடாகப் போனார். அதன்பிறகு தெரு போட்ட கூத்தைச் சொல்லி முடியாது. ஆளில்லாத அறையில் கால்பந்து ஓடியது. நாடகம் ஒரு திரையில், அதே நாடகம் இன்னொரு திரையில். யாருமே போகாத நாடுகளின் மலையும் பனியும் சமையலறைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தன. புஷ்பம் மைனி மகனை நாள் முழுக்க மஸ்கட்டில் உட்கார்த்தி வைத்தாள். அவன் தூங்கினான், இவள் மீன் ஆய்ந்தாள்.

கோடு விறுவிறுவென்று ஓடியது. அமலிக்குத் தலைக்குள் படி ஏறுவது தெரிந்தது. ஆட்டுக்கல் கேட்டது, அடுத்து ஆட்டோ. மாலுமி குரைத்தது. குக்கர் முதலில் உறுமலாக மட்டும் வந்தது. தொம்மை அண்ணன் இருமினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சண்டை போட்டார்கள், அது சண்டை என்று புரிய இன்னும் அரைநாள் ஆனது. அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாகப் பறந்தாள். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறாள் என்று தெரியாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, ஈரமான ஒரு சின்னக் குரல், கொஞ்சம் மூக்கடைத்து, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னது:

"அம்மா, புஷ்பம் அத்தை வீட்டு டிவி ரொம்பக் கத்துது. படிக்கவே முடியல."

அமலி திரும்பவில்லை. திரும்பினால் உதட்டைப் பார்த்துவிடுவாள். பார்த்தால் கேட்டது எது, படித்தது எது என்று பிரிக்க முடியாது.

"இன்னும் சொல்லு" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"எதுனாலும் சொல்லு."

ஜெசிக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் தனக்கு நடந்த அநியாயங்களை எல்லாம் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். மாவு பாத்திரத்தில் புளித்தது. கில்பர்ட் வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் நின்றான்.

கோட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. உச்சிப்படிகள். மறுநாள் காலை ஜெசி நாய்க்கு விசில் அடித்தபோது அது அமலிக்குக் கேட்கவில்லை. "அது நாளைக்குள்ள வந்துரும்" என்றாள் பிள்ளையிடம். ஞாயிறு பூசை வரைக்கும் நரம்பின் கதவு திறந்திருக்கும்.

அன்று மத்தியானம் மாலுமி தலையைத் தூக்கியது. அதே நேரம் ஸ்கூட்டர் வரும் சத்தத்தை அமலியே கேட்டாள். கில்பர்ட்டோடு சோலார் வயலில் வேலை பார்க்கும் ஸ்தனிஸ் இறங்கினான். கீழத்தேரிக்காரன். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த திரைகளைப் பார்த்தபடி நின்றான்.

"உங்க லைன் மட்டும் எப்படிண்ணே ஓடுது?" என்றான் கில்பர்ட்டிடம். "எங்களுக்குச் செத்துப்போச்சு. என் வீட்டுக்காரி மெற்றில்டாவுக்கு அதே முகாம்லதான் கண்ணு வச்சாங்க. ஓரமெல்லாம் வந்துட்டு. நடு வரல. என்னைப் பார்த்தா காது தெரியுதாம், தோள் தெரியுதாம், மூஞ்சி இருக்கிற இடம் ஓட்டையா இருக்காம். அவளுக்கும் நாளையோட சரி."

"உங்களுக்கும் மெதுவாத்தான் வந்துதா?" என்றாள் அமலி.

"இல்லக்கா. போன வாரம் நல்லா ஜோராத்தான் வந்துது. திடீர்னு நின்னுபோச்சு."

போன வாரம். தெரு அவளுக்காக அடங்கியிருந்த வாரம். அமலி கில்பர்ட்டைப் பார்த்தாள். அவன் ஸ்கூட்டர் சக்கரத்தைப் பார்த்தான்.

ஸ்தனிஸ் போனபிறகு கேட்டாள். "அன்னைக்கு அந்தப் பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு என்ன சொன்னா?"

"அமலி..."

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு?"

"கீழத்தேரியிலேருந்துதான் வரும்னா. யாருக்கு நின்னுபோகும்னு எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமா தெரியாது." பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

அந்தக் குரலை அவள் இப்போதுதான் முழுசாகக் கேட்டாள். அதில் ஒளிவுமறைவு இல்லாததால் அதற்குமேல் திட்டவும் முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தொம்மை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பம் மைனியும் இன்னும் சிலரும் வந்து கூடினார்கள். அமலி நடந்ததைச் சொல்லி, லைனை அடைக்கக் கேட்டாள்.

"அடைக்கதா? விளையாடுதியா?" என்றார் அண்ணன். "நீதானே சொன்ன, இலையை மூடினா பங்காளி போயிருவான்னு. இத்தனை வருஷத்தில இப்பத்தான் இந்தத் தெருவுக்கு ஒழுங்கா லைன் வருது. விட்டா திரும்ப வருமா?"

"என் மவன் மூஞ்சி கட்டம் கட்டமா இல்லாம இப்பத்தான் தெரியுது" என்றாள் மைனி. குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அந்தப் பிள்ளைக்குப் புருஷன் மூஞ்சியே தெரியல மைனி."

"கீழத்தேரிக்காரன் நம்ம வலையை வெட்டினவன்" என்றார் அண்ணன்.

"வெட்டினவனும் செத்துட்டான், வலையும் மக்கிப்போச்சு. கடலே இல்லாத இடத்தில உக்காந்துக்கிட்டு எந்த வலையைச் சொல்லுதிய?"

 "உன் காதும் இன்னும் முடியலியே. இப்ப அடைச்சா உனக்கும்தானே போச்சு" என்றார் அண்ணன், கொஞ்சம் இறங்கி.

"எனக்குப் பிள்ள குரல் வந்துட்டு. அதுக்கு மேல உள்ளது இல்லாம இருந்துக்கிடலாம்." சொல்லிவிட்டாள். ஆனால் ஜெசி உதட்டைக் குவித்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. கையைத் தழும்பின்மேல் வைத்துக்கொண்டாள். "அண்ணே, எனக்காக நீங்க எல்லாரும் ஒருதரம் அடங்கினிய. நான் கொடுத்து வச்சவ. ஆனா அன்னைக்கு எனக்குக் காது இல்ல. நீங்க அடங்கினது எனக்குக் கேக்கவே இல்ல. இன்னைக்கு ஒருதரம் அடங்குங்க. நான் கேக்கணும்."

 திரையில் பனி சரிந்துகொண்டிருந்தது. தொம்மை அண்ணன் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், பிறகு திரையை அணைத்தார். வெளியே வந்து தெருவைப் பார்த்து, பழைய கரைக்குரலில், "ஒரு வள்ளம் வெளிய கிடக்கு. அடைங்க" என்றார்.

அமலி நடுத்தெருவில் நின்றாள். கால்பந்துக் கூட்டம் நின்றது. ஒரு நாடகம் நின்றது, கொஞ்சம் பொறுத்து அதே நாடகம் இன்னொரு வீட்டில் நின்றது. புஷ்பம் மைனி மகனை எழுப்பி, "நாளைக்கு வாரேன் ராசா" என்று சொல்வது கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கடைசி வீட்டில் ஒரு விளம்பரம் அடம்பிடித்துப் பாடிவிட்டு ஓய்ந்தது. காது இல்லாத காலமெல்லாம் அவளுக்குத் தெரிந்த அமைதி வெறும் இல்லாமை. இது வேறு. இதற்குள் மணல் நகர்ந்தது, யாரோ மூச்சு விட்டார்கள், எங்கோ ஒரு கதவு உரசியது.

வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தாள். கோடு நின்றுபோயிருந்தது. திரையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஸ்தனிஸ் ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தான். அந்தப் பெண் தோளை உதறிவிட்டு, தானாக நடந்து அமலி முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் அமலியின் முகத்தைப் பார்த்தாள்.

"கன்னத்தில மச்சம் இருக்கு உங்களுக்கு" என்றாள் மெற்றில்டா.

"பிறந்ததிலேருந்தே இருக்கு."

"எனக்கு இன்னைக்குத்தான்."

 அப்போது, இரண்டடி தள்ளிப் படியோரம் படுத்திருந்த மாலுமி சட்டென்று தலையைத் தூக்கிக் காதை விடைத்து, அமலியின் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. அமலியின் காதில் கூட்டத்தின் சளசளப்பு இருந்தது, கோயில் கதவின் கரகரப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "பொம்பளப்பிள்ளை விசில் அடிக்காதட்டி."

"அப்பா, கேட்டுட்டு. அம்மாவுக்கு விசில் கேட்டுட்டு" என்று ஜெசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அந்தக் குரல் ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக வந்தது.

மெற்றில்டா தன் புதுக் கண்ணால் நாயைப் பார்த்தாள். பிறகு அமலியைப் பார்த்தாள். அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.